மட்டானந்தரின் மனமட்டம்

கடைத்தெருவில் காமிரா வைத்திருந்தவர்கள் எல்லாரும் அன்று சாமியார் மட்டானந்தரின் மாடி அறை வாசலில்தான் நின்றார்கள். வரிசை படியிறங்கி, தையற்கடையைச் சுற்றி, மருந்துக்கடையை அடைத்துக்கொண்டு போனது. காமிரா இல்லாதவர்களும் நின்றார்கள். இத்தனை பேர் சும்மாவா நிற்பார்கள் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டம் உங்களுக்குத் தெரியும். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி. நடுவில் நின்றால் மட்டம், ஓரத்துக்கு ஓடினால் சாய்வு. காமிரா மேல் வைத்துச் சரிபார்த்தால் படம் கோணாமல் வரும். அதே சாமானுக்குப் பட்டுத்துணி சுற்றி, ‘மனமட்டம்’ என்று பெயர் சூட்டியிருந்தார் மட்டானந்தர்.

"படம் கோணுறதுக்குக் காரணம் காமிரா இல்ல குழந்தைகளே, மனசு! மனசு நேரா இருந்தா குமிழி நடுவுல நிக்கும்."

நின்றது. எடைக்கல்லைத் தேய்த்து வைத்திருக்கும் மளிகைக்காரருக்கு நின்றது. ஒரே வீட்டை மூன்று பேருக்கு விற்ற தரகருக்குக்கூட ஆடாமல் அசையாமல் நின்றது. தரகர் கண் கலங்கிவிட்டார். பாவம், அவரை நல்லவர் என்று சொன்ன முதல் ஜீவன் அந்தக் குமிழிதான்.

வரிசையில் ஸ்டூடியோக்காரர் ஒருவர் இருந்தார். விற்பனைக்கு வரும் வீடுகளைப் படமெடுப்பது அவர் பிழைப்பு. இரண்டு முறை படங்கள் திரும்பி வந்துவிட்டன. ‘என் வீடு நேராத்தான் நிக்குது, உங்க படத்துலதான் தள்ளாடுது’ என்று எழுதியிருந்தார் கட்டடக்காரர். நாளைக் காலை கடைசி வாய்ப்பு. அதுவும் கோணினால் ஸ்டூடியோவைப் பூட்ட வேண்டியதுதான்.

கூட வந்திருந்தவர் அவருடைய அக்கா. டைல்ஸ் பதிக்கிறவர். வேலையிலிருந்து அப்படியே வந்ததால் கையெல்லாம் சிமெண்ட்.

"இரும்புக்கடையில டிஜிட்டல் கோணமானி இருக்குடா. எத்தனை டிகிரி சாய்வுன்னு நம்பராவே காட்டும். அத வாங்கு."

"நேத்து வச்சுப் பாத்தேன்க்கா. என் டிரைபாட் ரெண்டரை டிகிரி சாய்வுன்னு காட்டுது."

"சரியாத்தானே காட்டுது?"

"கடையில எல்லார் முன்னாடியும் மட்டம் தட்டுதுக்கா! இது எவ்வளவு பதவிசா இருக்கு பாரு."

அவர் முறை வந்தது. டிரைபாட் மேல் மனமட்டம் ஏறியது. குமிழி நடுவில். "உத்தமன்!" என்றார் மட்டானந்தர். கைதட்டல். தம்பி முகத்தில் கல்யாணக்களை.

அக்கா குனிந்து டிரைபாட்டின் ஒரு காலை ஒரு சாண் உள்ளே தள்ளினார். காமிரா சாய்ந்தது. குமிழி நகரவில்லை.

"சாய்க்காதே! தோஷம்!" என்று அலறினார் மட்டானந்தர்.

"தோஷம் எனக்குத்தானே சாமி, நான் பாத்துக்கறேன்." மனமட்டத்தை எடுத்துப்போய் மாடிப்படியின் கைப்பிடி மேல் வைத்தார். நடுவில். திரும்பி வந்து, திண்டில் சாய்ந்திருந்த மட்டானந்தரின் தொந்திச் சரிவில் வைத்தார். அங்கேயும் நடுவில்தான்.

"உங்க தொந்தியும் தரையும் ஒரே மட்டமா சாமி?"

முதல் சிரிப்பு தையற்கடைப் பக்கமிருந்து வந்தது.

"இவங்க மனசு அவ்வளவு நேர்!" என்று சமாளித்தார் மட்டானந்தர். கூட்டத்தில் பாதி அதற்கும் கைதட்டியது!

"புது மட்டம் வாங்கினா நாங்க முதல்ல சாய்ச்சுத்தான் பாப்போம். குமிழி ஓடணும். ஓடத் தெரியாத குமிழிக்கு நிக்க மட்டும் எப்படித் தெரியும்?" அக்கா டைல்ஸ் சுத்தியால் குழாயில் ஒரு தட்டு தட்டினார். கண்ணாடி விரிசல் விட்டது. ஒரு சொட்டுகூட வழியவில்லை. உள்ளே கெட்டியாக உறைந்த பசை. அதில் சிக்கிய காற்றுதான் அத்தனை பேருக்கும் நற்சான்று வழங்கியது.

முதலில் கோபப்பட்டவர் தரகர். "அப்போ நான் நல்லவன் இல்லையா?"

"அத எங்கிட்டயா கேக்கறீங்க?" என்றார் அக்கா.

இந்தச் சந்தடியில் மட்டானந்தர் பின்படி வழியாக இறங்கிவிட்டார். அவர் மட்டும் நன்றாக ஓடினார்.

தம்பி அந்த மரியாதை தெரியாத கோணமானியை வாங்கினார். மறுநாள் காலை அது மறுபடியும் ரெண்டரை என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு டிரைபாட் காலைத் திருகினார். பூஜ்ஜியம் வந்தது. படங்கள் திரும்பி வரவில்லை.

‘நீ நேர்தான்’ என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கும் எதையும், எவரையும், ஒரு தடவை சாய்த்துப் பாருங்கள். குமிழி ஓடவில்லையா, நீங்கள் ஓடிவிடுங்கள்.