நான் எண்ணிய பத்தாவது ஆள்

தலை எண்ணுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். சவூதியில், ஜுபைலில் தொழிலாளர் கேம்ப் பஸ் வாசலில் நின்று, அறுபது பேரை ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் எண்ணி முடிப்பேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனைகூட இல்லை. எனக்குச் சறுக்கியது பத்தே பேரில்.

இரண்டாயிரத்துகளின் பின்பாதியில் துபாயில் ஐசக் சாருக்கு டிரைவராக இருந்தேன். கப்பல் கம்பெனி மேலாளர், மும்பை யூதர். பெயர்ப்பலகை இல்லாத ஒரு வில்லாவில் அவர்கள் ஆட்கள் கூடி ஜெபிப்பார்கள். குரு என்று யாரும் இல்லை. யார் எழுந்து வாசிப்பது, யார் இன்னும் வரவில்லை, யார் வீட்டில் துக்கம் என்று எல்லாவற்றையும் ஓடியாடிப் பார்ப்பவர் ஐசக் சார்தான். அந்தப் பொறுப்புக்குக் ‘கப்பாய்’ என்று பெயர். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு. (எங்கள் ஊர் சர்ச்சில் எல்லா வேலையும் பார்க்கும் கோயில்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்.) அவருக்குக் கையாள் நான். நாற்காலி போடுவேன், புத்தகம் எடுத்துக் கொடுப்பேன், ஆள் எண்ணுவேன்.

எண்ணிய முதல் நாளே வாங்கிக் கட்டிக்கொண்டேன். “அரே அந்தோணி பாய், மனுஷங்கள ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு எண்ணக் கூடாது.” (பேசியது இந்தியில், திட்டு எந்த மொழியிலும் ஒன்றுதான்.) பத்துச் சொல் உள்ள வசனம் ஒன்றைச் சொல்லி, சொல்லுக்கு ஒருவராக அவர் எண்ணுவார். அது என் வாயில் நுழையவில்லை. கடற்கரைக்காரன் ஆயிற்றே, மீன் பெயரில் எண்ண ஆரம்பித்தேன். சாளை, நெத்திலி, அயிலை, விளமீன் என்று போய், பத்தாவது திருக்கை.

அன்று சாலமன் சாரின் அப்பா இறந்து ஒரு வருடம். இறந்தவருக்காக மகன் சொல்லும் ஜெபம் ஒன்று உண்டு. அதைச் சொல்ல அவர்கள் மதத்து ஆண்கள் பத்துப் பேர் கூட வேண்டும். ஒன்பது பேர் இருந்தால் மகன் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சூரியன் மறைந்தால் அந்த நாளும் போயிற்று. அப்பாவின் அடக்கத்துக்கே விமானம் கிடைக்காமல் போன மனிதர் அவர். மதியத்திலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐசக் சார் ஷார்ஜா டிராபிக்கில் மாட்டிக்கொண்டார். அவரையும் சேர்த்தால் ஒன்பது. “இன்னும் ஒருத்தர் வேணும், பார்த்துக்கோ” என்று போன் செய்தார்.

நான் பார்த்துக்கொண்டேன். கேட்டில் வெள்ளைத் தொப்பி போட்ட மலையாளி ஒருவர் வந்து நின்றார். “ஐசக் சார் வரான் பறஞ்ஞு” என்றார். சார் வரச் சொன்னாராம். கொச்சியிலும் யூதர்கள் உண்டு என்று சார் சொன்னது சட்டென்று ஞாபகம் வந்தது. தொப்பி இருக்கிறது. ஜெபச் சால்வை வைக்கிற மாதிரி கையில் பையும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

“வாங்கண்ணே, உங்களத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்” என்று முன்வரிசையில் உட்காரவைத்துப் புத்தகம் கொடுத்தேன். எபிரேயப் புத்தகம் ஆயிற்றே, அதை வலது பக்கத்திலிருந்து சரியாகத் திறந்தார். எனக்கிருந்த கடைசிச் சந்தேகமும் போய்விட்டது. மனதுக்குள் ‘திருக்கை’ என்றேன்.

அப்போது மோசஸ் சார் என்ற எஞ்சினியர் போன் செய்தார். “நான் வரணுமா அந்தோணி?”

“வேண்டாம் சார். ஃபுல். ரெஸ்ட் எடுங்க.”

சூரியன் மறைய அரைமணி இருக்கும்போது ஐசக் சார் வந்தார். வசனம் சொல்லி எண்ணியவர் கடைசிச் சொல்லில் நின்றுவிட்டார்.

“அந்தோணி, ஏசி மெக்கானிக் கையில புத்தகம் எதுக்கு?”

கோழிக்கோட்டு ஹம்சா எழுந்து நின்றார். பைக்குள் ஸ்பேனர் கலகலத்தது.

“மெக்கானிக்குன்னு பறயண்டே அண்ணே?” என்று கேட்டேன். (வந்த பயத்தில் எனக்கு மலையாளமே வந்துவிட்டது.)

“பிரார்த்தனை ஸ்தலமல்லே. புக் தந்நால் வேண்டான்னு எங்ஙனே பறயும்?” அரபிப் புத்தகமும் வலமிருந்துதான் திறக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வலையில் விழுந்ததெல்லாம் மீன் இல்லை. (திருக்கைக்குச் செதிள் இல்லை, செதிள் இல்லாத மீனை அவர்கள் தொடவே மாட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. நானே சகுனம் சொல்லியிருக்கிறேன்.) சாலமன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போன் போட்டு இடம் கேட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். மோசஸ் சார் சலூனில் இருந்தார். தலை ஒரு பக்கம் வழித்தாகிவிட்டது, மறுபக்கம் காடு.

“பாதிதான் ஆயிருக்குண்ணே” என்றார் மன்னார்குடி சலூன்காரர்.

“மீதிய பொழுது சாஞ்சதும் வெட்டு, தம்பி.”

கழுத்தில் துணியோடு அவரை அள்ளி வண்டியில் போட்டேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் நான் பைத்தியத்தைக் கடத்துகிறேன் என்றே நினைத்திருப்பார்கள். வில்லாவுக்குள் அவர் நுழைந்தபோது, சுவரின் உச்சியில் வெயில் ஒரு சாண் மிச்சம் இருந்தது.

பாதித்தலையின்மேல் தொப்பி ஏறியது. சாலமன் சார் எழுந்து அந்த ஜெபத்தைச் சொன்னார். குரல் இரண்டு தடவை உடைந்தது, மூன்றாவது தடவை உடையவில்லை. மற்ற ஒன்பது பேரும் ஆமென் சொன்னார்கள். வாசலில் நின்று நானும் சொன்னேன், ஹம்சாவும் சொன்னார். முடிந்ததும் சாலமன் சார் நேராக வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருடைய கண்ணீரில் என் யூனிபாரம் தோள் நனைந்தது. எனக்குக் கப்பலையே கரைசேர்த்த கர்வம்.

பல வருடம் கழித்து, ஊரில் என் மகள் கல்யாணப் பந்தியில் ஆள் எண்ணக் கிளம்பினேன். என் மனைவி சம்பந்தி வீட்டார் முன்னாலேயே தடுத்தாள்: “இவர எண்ண விடாதீங்க. ஏசிக்காரனயெல்லாம் முதல் பந்தியில உக்கார வச்சிருவாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவர் முதல் பந்தியில், மாப்பிள்ளைக்கு அடுத்த இலையில், கோழிக்கோட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்த ஹம்சா.