மாடு தின்ற ரிசல்ட்

விருந்தாளி வருகிறார் என்றதும் வீட்டை ஒதுங்கவைக்காமல் இருக்க முடியாதவர்களை விஞ்ஞானத்தின் பக்கமே விடக்கூடாது. நான் அந்த ரகம்.

நகரத்து நடுவே அல்சூரில் பிறந்து, பால்கனித் துளசியைத் தவிர வேறு செடி வளர்த்தறியாத நான் (அதுவும் செத்துப்போனது), விவசாயம் படித்து ஒரு விதைக் கம்பெனியில் சேர்ந்தேன். தேவனஹள்ளிப் பக்கம் அவர்களுக்கு ஒரு சோதனை வயல். ஒரே வீரிய ஒட்டு மக்காச்சோளத்தை ஒரு பாத்தியில் தாராளமாக, ஒன்றில் நடுத்தரமாக, ஒன்றில் நெருக்கியடித்து நட்டிருந்தோம். எதுவரை நெருக்கினால் விளைச்சல் கூடும், எதைத் தாண்டினால் கதிர் சிறுத்து மணி சூம்பும் என்று பார்ப்பது என் வேலை. விவசாயிகளை அழைத்து வயலைக் காட்டும் நாள் நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரம். அம்மா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அதற்கு முதல் நாள் சாயங்காலம் வயலைச் சுற்றி வந்தேன். நெருக்கிய பாத்தியைப் பார்த்ததும் மானமே போயிற்று. பாதிச் செடிகள் ஒல்லிக்குச்சியாக, கதிரே இல்லாமல், நின்றபடி தூங்கும் பஸ் பயணிகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. இதையா நாலு பேருக்குக் காட்டுவது? சூம்பியதையெல்லாம் பிடுங்கிப் பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்குப் போட்டேன். பாத்தி பளிச்சென்று ஆனது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் எங்கள் மேலாளர் மஞ்சுநாத் சார், ரொம்ப நெருக்கினால் என்ன ஆகும் என்று கண்ணாலேயே பாருங்கள் என முழங்கியபடி எல்லோரையும் அந்தப் பாத்திக்கு அழைத்து வந்தார். செடிக்கொரு கொழுத்த கதிர்.

"அப்போ நெருக்கியே போட்டுடலாமா சார்?" என்றார் ஓசூரிலிருந்து வந்த ஒரு விவசாயி, ஆசையாக.

சார் என் பக்கம் திரும்பினார். "மிச்சச் செடியெல்லாம் எல்லிம்மா, எங்கே?"

வேலியோரம் மாடு வாய் நிறைய மென்றுகொண்டிருந்தது.

"அசிங்கமா இருந்துச்சு சார்... பிடுங்கிட்டேன்."

"அய்யோ, நீ பிடுங்கினது களை இல்லம்மா, ரிசல்ட்டு! ரிசல்ட்டைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டிருக்கே!"

ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். மிச்சமிருந்த கத்தையின் ஒரு முனை மாட்டின் வாயில், மறுமுனை எங்கள் இருவர் கையில். விவசாயிகள் சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் எச்சில் சொட்டும் மொட்டைத் தண்டு ஒன்றை உயர்த்திப் பிடித்து, "நெருக்கினா இதுதான்!" என்று சார் பாடத்தை முடித்தார்.

என் நிரந்தரம் அடுத்த போகத்துக்குத் தள்ளிப்போனது. அல்சூர் வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். அடுத்த போகத்தில் ஒரு ஒல்லிச் செடியைக்கூடத் தொடவில்லை, வேலையும் நிலைத்தது.

ஆனால் அழுகையோடு அழுகையாக வீட்டில் எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்திருந்தேன். எனக்கு வாய்த்த கணவரோ சுபாவத்திலேயே ஒல்லி. கல்யாண மேடையில் போட்டோக்காரர் எங்களை நெருக்கி நிற்கச் சொன்னதும் அம்மா கத்தினாள்: "மாப்ளே, ஜாக்கிரதை! ஒல்லியா இருந்தா இவ பிடுங்கிப் போட்டுடுவா!"

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது இன்னொரு கரண்டி சோறு வேண்டாம் என்றால், "அவ பாத்துக்கிட்டிருக்கா" என்று மிரட்டுகிறார்கள். என் கணவர் மட்டும் பேசாமல் தட்டை நீட்டிவிடுவார்.