ரெய்டு பார்த்த வக்கீல்

எழுபதுகளில் திருவண்ணாமலை வியாபாரப் பெருமக்களிடையே எந்த விஷயத்திலும் இரண்டு கட்சி உண்டு. வரி வக்கீலுக்கு இருக்கவேண்டிய தகுதியில் மட்டும் ஒரே கட்சி: அவர் வீட்டில் ஒரு தடவையாவது ரெய்டு நடந்திருக்க வேண்டும்.

கோதண்டராமனுக்கு அந்தத் தகுதி இல்லை. பி.காம்., பி.எல்., மதராஸில் பெரிய வக்கீலிடம் பயிற்சி, வரிச் சட்டம் முழுக்க மனப்பாடம். தேரடித் தெருவில் போர்டு மாட்டி ஒரு வருஷமாகியும், உள்ளே வந்தவர்களெல்லாம் விலாசம் கேட்டவர்கள்தான். கார்த்திகை தீபத்துக்குள் ஒரு கட்சிக்காரராவது வராவிட்டால் போர்டைக் கழற்றிவிட்டு, வேலூரில் மச்சானுடைய ஜவுளிக்கடையில் கணக்கெழுதப் போவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

கீழ்பென்னாத்தூர் எண்ணெய் மில் ராஜமாணிக்கம் ஒருநாள் வந்தார். பட்டம், பயிற்சி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் சரிங்க. உங்களை எப்ப ரெய்டு பண்ணாங்க?"

"இல்லீங்களே."

"அப்ப அனுபவமே இல்லைனு சொல்லுங்க" என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் கோதண்டராமன் வரி ஆபீஸுக்குப் போய், தம் இல்லத்தைச் சோதனைக்கு உட்படுத்தி உதவுமாறு பணிவன்புடன் விண்ணப்பித்தார். அதிகாரி ராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"வருமானம் இருக்கறவங்களைத்தான் சார் ரெய்டு பண்ண முடியும்."

"ரெய்டு நடந்தாத்தான் சார் வருமானம் வரும்."

"அப்ப வருமானம் வந்தப்புறம் வாங்க."

அனுப்பிவிட்டாரே தவிர, அதிகாரிக்குச் சோறு இறங்கவில்லை. இலாகாவின் அனுபவத்தில் யோக்கியன் எவனும் ரெய்டுக்கு மனுப் போட்டதில்லை. ஆகவே, மனுப் போட்டவன் யோக்கியன் இல்லை. ஆகவே, சந்தேகத்துக்கு முகாந்திரம் உண்டு.

தீபத்துக் கொடியேற்றத்தன்று காலையில் ஜீப் வந்தது. கோதண்டராமனின் மனைவி வேதா வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, ஜீப்பைத் தெருமுனையிலிருந்தே தெரிகிற மாதிரி நிறுத்தச் சொன்னாள். கொடியேற்றம் பார்க்க வந்த கூட்டத்தில் பாதி அங்கேயே நின்றுவிட்டது. அரிசிப் பானையைக் கவிழ்த்தார்கள். மெத்தையைக் கிழித்தார்கள், பஞ்சுதான் வந்தது. சாயங்காலம், 'ஏதும் கைப்பற்றப்படவில்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

செய்தி கேட்டு ராஜமாணிக்கம் ஓடி வந்தார். "நாள் பூரா தேடியும் ஒண்ணும் சிக்கலையாமே. எங்க வீட்டுல அரை மணியில எடுத்துட்டானுங்க" என்று கும்பிட்டார். மலைமேல் தீபம் ஏற்றுவதற்குள் வக்கீல் வீட்டு வாசலில் பெஞ்சு போடவேண்டியதாயிற்று.

அடுத்த பௌர்ணமியன்று, கிரிவலம் போகிறவர் போலத் துண்டைப் போர்த்திக்கொண்டு அதிகாரி ராமகிருஷ்ணன் வந்தார். கையில் மாமனாருடைய ஃபைல்.

"அதிகாரியா கேக்கலை சார். எங்க வெச்சிருந்தீங்க?"

"சத்தியமா ஒண்ணுமே இல்லீங்க."

அதிகாரி அந்த முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். "இதைத்தான் சார் எங்க மாமனாருக்குச் சொல்லிக்கொடுக்கணும். இதே மாதிரி, கண்ணு இமைக்காம" என்று ஃபைலை வைத்துவிட்டுப் போனார்.

கோதண்டராமன் உள்ளே போனார். மெத்தை கிழிந்தபடியே கிடந்தது. இன்னுமா தைக்கவில்லை என்று கேட்டார்.

"எதுக்குங்க? இனிமே வைக்க இடம் வேணுமில்ல" என்றாள் வேதா, அன்றைய ஃபீஸை வாங்கிக்கொண்டு.