சஹனில் பிரிந்த தண்டவாளம்

கல்முனைக் கரையில் தண்டவாளம் கிடையாது. ரெயில் பார்க்க மட்டக்களப்புக்குப் போக வேண்டும். ஆனாலும் இந்த நாட்டிலேயே தண்டவாளத்தைப் பற்றி அதிகம் கதைத்த மனிதர் எங்கள் சாய்ந்தமருதில்தான் இருந்தார் என்று சத்தியம் பண்ணுவேன். ஊருக்கு அவர் தண்டவாளக் காக்கா; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். சொந்தப் பெயர் அவருடைய பெண்சாதிக்கே மறந்திருக்கும்.

சவூதியில் ரெயில் பாதை பிரியும் இடங்களுக்கு எண்ணெய் போட்டவர். மற்றவர்கள் அங்கிருந்து தங்கம் கொண்டுவந்தார்கள். இவர் ஓர் அளவுகோலும் இரண்டு அரமும் கொண்டுவந்தார்.

கலியாண வீட்டில் ஆறு பேர் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடுவது எங்கள் வழக்கம். காக்கா இருக்கும் சஹன் என்றால் ஆட்கள் மெல்ல நழுவிவிடுவார்கள். பிஸ்மி சொன்ன கையோடு சோற்றில் விரலால் இரண்டு கோடு இழுப்பார்.

"இஞ்ச பாருங்க, இது ஓரத்துத் தண்டவாளம், நெட்டை. இது வண்டியைத் திருப்ப வந்து ஒட்டுற நாக்கு. வேற இனம். உயரம் குட்டை, ஆனா இடுப்பு தடிப்பு. ஏன் குட்டை?"

"பசிக்குது காக்கா!"

அவர் அசைய மாட்டார். ஓர் இறைச்சித் துண்டை அந்தக் கோட்டில் தள்ளிக்கொண்டு போய் என் பக்கமாகத் திருப்பி விடுவார். "வண்டி வந்திட்டு, தின்னுங்க தம்பி." நான் தின்பதில் மும்முரமாகி, ஏன் குட்டை என்பதை ஒருநாளும் கேட்டதில்லை.

ஜன்னல் கடையில் மிஞ்சிய அலுமினியத்தை இரண்டு வருடம் அரத்தால் ராவி, பாதை பிரியும் இடத்தின் மாதிரி ஒன்றை ஐந்தடி நீளத்தில் செய்தார். "எல்லாத்தையும் ஒரே மாதிரி ராவினா என்ன காக்கா?" என்றேன். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பாடசாலைக் கண்காட்சியில் அதை வைத்து, சிரித்த ஊரின் வாயை ஒரு நாளாவது அடைக்க வேண்டும் என்பதே அவர் ஆசை.

கண்காட்சியன்று மாதிரியை என்னிடம் விட்டுவிட்டு லுஹர் தொழப் போனார். துடைக்கும்போதுதான் கண்டேன், நாக்கின் அடியில் சின்னச் சின்னத் தகடுகள். பாவம், அளவு குறைந்து முட்டுக் கொடுத்திருக்கிறார், சனம் கண்டால் மானம் போகும் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் உருவிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

காக்கா வந்து, கூட்டத்துக்கு நடுவில் மாதிரியின் மேல் ஒரு சின்ன வண்டியை வைத்துத் தள்ளினார். அது நாக்கில் ஏறப்போய்க் கவிழ்ந்தது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். குட்டை நாக்கைத் தூக்கி இரண்டு தண்டவாளத்தின் தலையையும் சமமாக்கி வைத்ததே அந்தத் தகடுகள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

காக்கா குனிந்து பார்க்கக்கூட இல்லை. "நான்தான் அளவைப் பிழையா எடுத்திட்டன் தம்பி," என்றார்.

தகடுகள் என் பைக்குள் கிடந்தன. கோழை நான்.

அதற்குப் பிறகு அவர் அரத்தைத் தொடவில்லை. சஹனிலும் எல்லாரையும் போலத் தலை குனிந்து சாப்பிட்டார். நிம்மதி என்றது ஊர். நானோ உண்மையை நாளைக்குச் சொல்லலாம், பெருநாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். போன நோன்புக்கு முதல் காக்கா மௌத்தாகி அடக்கமாகிவிட்டார்.

போன மாதம் ஒரு கலியாணம். சஹனில் என்னைச் சுற்றி ஐந்து பேர். என் விரல் தானாகச் சோற்றில் இரண்டு கோடு இழுத்தது.

"காக்காட அளவு பிழையில்ல. தகட்டைக் கழட்டினது நான்," என்றேன்.

"பசிக்குது நாநா!" என்றான் என்னிலும் இளையவன் ஒருவன்.

நான் அசையவில்லை. நல்ல இறைச்சித் துண்டாக ஒன்றைப் பார்த்தெடுத்து, கோட்டில் மெல்லத் தள்ளி, காக்கா வழமையாக இருக்கும் பக்கமாகத் திருப்பி விட்டேன்.