துடைப்பக் குச்சியில் கிரேக்க இறால்

படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எங்கள் மீனவர் குப்பத்தில் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நான் ஆபீஸ் வரை கொண்டுபோனதுதான் தப்பு.

தொண்ணூறுகளின் நடுவில், அடையாறில் ஒரு கம்பெனியில் தற்காலிக வேலை. மேனேஜருக்குச் சர்க்கரை. சோற்றுப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அப்ப என்னத்தப்பா தின்றது?" என்று அவர் புலம்பிய அன்று, நூலகத்தில் படித்ததை எடுத்துவிட்டேன்.

"கிரீஸ்ல இறாலக் குச்சியில கோத்துச் சுடுவாங்க சார். சோறே வேணாம். எனக்கு நல்லா வரும்." (எனக்கு வெந்நீரே ஒழுங்காக வராது.)

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து செஞ்சு காட்டு. திங்கக்கிழமை உன்னை நிரந்தரமாக்குற பேப்பர் என் மேஜைக்கு வருது" என்றார்.

இன்னொரு பயமும் இருந்தது. இன்டர்வியூவில் குடும்பத் தொழில் என்ன என்று அவர் கேட்டபோது, "மீன் எக்ஸ்போர்ட் சார்" என்றிருந்தேன். அம்மா கூடையில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள்.

ஆலிவ் எண்ணெய் மருந்துக்கடையில் கிடைத்தது. குழந்தைக்குத் தேய்க்கிற சின்ன சீசா. புத்தகத்தில் போட்டிருந்த ஏதோ கிரேக்க வாசனை இலைக்குப் பதில் கற்பூரவல்லி. கம்பிக்குப் பதில், புதுத் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சிகள்.

அடையாறிலேயே இருந்த மேனேஜர் வீட்டு மொட்டைமாடியில் கரி அடுப்பு தயார். எண்ணெய் சொட்டியதும் முதல் குச்சி பற்றிக்கொண்டது. அப்புறம் எல்லாமே. இறால்கள் ஒவ்வொன்றாகத் தணலில் குதித்தன.

"இதான் கிரேக்க வாசனையா?" மேனேஜர் மூக்கைச் சுளித்தார்.

"ஆமா சார்." எரிகிற குச்சியை ஊதினேன்.

அவர் மனைவி மாடிக்கு வந்தார். "இறால் பத்தலன்னா? அதான், வழக்கமா வர்ற மீன்காரம்மாவ மேலயே வரச் சொல்லிட்டேன்."

படியில் காலடி. நான் பிறந்ததிலிருந்து கேட்கிற காலடி. குதித்துவிடலாமா என்று கீழே பார்த்தேன். நேர் கீழே மேனேஜரின் கார் நின்றிருந்தது.

அம்மா கூடையை இறக்கி என்னைப் பார்த்தாள். "டேய் குமாரு! தொடப்பத்த ஏன்டா கொளுத்திக்கினு கீற?"

"யாருப்பா இவங்க?" என்றார் மேனேஜர்.

பொய் ஒன்று வாய்வரை வந்தது. அம்மா முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

"எங்கம்மா சார்."

"எக்ஸ்போர்ட்டுன்னியே?"

அம்மாவுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. "எக்ஸ்போர்ட்டுதான் சார். குப்பத்துலேந்து அடையாறுக்கு. டெய்லி நானே அனுப்பறேன், நானே தூக்கிக்கினும் வரேன்."

சொல்லிக்கொண்டே கரிக்கட்டையாகிப்போன என் இறால்களை ஒதுக்கி, தன் இறாலை ஓட்டோடு தணலில் போட்டு, வெறும் விரலால் புரட்டினாள். மேனேஜர் பன்னிரண்டு தின்றார். சோற்றை நினைக்கக்கூட இல்லை. மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்த வாரம் அம்மா மட்டும் வந்தாப் போதும்" என்றார்.

இன்றும் வீட்டில் நான் ஏதாவது பெருமை பேச ஆரம்பித்தால் என் மனைவி மறுத்துப் பேசுவதில்லை. துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி என் முன்னால் வைத்துவிட்டுப் போகிறாள்.