மைதானத்துக்கு அடியில் என் குழி

ததோங்,
அக்டோபர் 14

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகன் கெங் பாவ்ஷான் பணிந்து எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறுதான் எரிகிறது.

காரணம் தெங் யுன். என்னைவிடப் பத்து வயது இளையவன். ஒரே பேராசிரியரிடம் படித்த பாவத்துக்கு என்னை அண்ணா என்கிறான். ஒரு பள்ளி மைதானத்துக்கு அடியில் பழைய திருட்டு நிலக்கரிக் குழி இருப்பதாகச் சந்தேகம். எங்கே என்று நாங்கள் தனித்தனியே சொல்ல வேண்டும். தரையில் இரும்புத் தகட்டை வைத்துச் சம்மட்டியால் அடித்து, அதிர்வு சிதறுவதைப் பதிவு செய்தோம். பிறகு கணினிக்குள் அதே தரையைக் கட்டி, அதே அடியை அடித்து, குழியை நகர்த்தி நகர்த்தி, இரண்டு அதிர்வும் ஒத்துப்போகும் இடத்தைப் பிடிப்பது. கணினித் தரையின் ஓரத்தில் அலை முட்டித் திரும்பாதிருக்க, அதை விழுங்கும் பட்டை வைப்பது வழக்கம். அவன் இருபது அடுக்கு வைத்தான், மூன்று நாள் ஓடியது. நான் இரண்டே அடுக்கு, மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டேன். என் குழி கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே. அவனுடையது கொடிக்கம்பத்துக்குக் கீழேயாம். திங்கள்தோறும் அறுநூறு பிள்ளைகள் வரிசையாக நிற்கிற இடம் மாமா, குழி இருந்தால் இத்தனை வருஷம் சும்மா இருக்குமா?

எங்கள் ஆய்வு நிலைய இயக்குநர் ஹாவ் நூடுல்ஸ் கிண்ணத்தோடு வந்து இரண்டு பேர் படத்தையும் பார்த்தார். "பாவ்ஷான், உன் படம் பளிச்சுன்னு இருக்குப்பா. ஆனா தெங் யுன் சொன்னா தப்பாது" என்றார். என் இருபது வருஷ அனுபவத்துக்கு ஒரு பளிச். அவனோ என் கோப்பையில் சுடுதண்ணீர் ஊற்றி, "அண்ணா, அந்த ஓரத்த மட்டும் ஒரு தடவ பாத்துடுங்களேன்" என்கிறான், எல்லார் முன்னாலும். இல்லை, என் காதோடுதான் சொன்னான், ஆனாலும் அந்தப் பணிவு இருக்கே, தாங்க முடியல மாமா. வீட்டுக்கு வந்தா என் பொண்டாட்டியும், "அந்தத் தம்பி எவ்வளவு தன்மையா பேசுது"ங்கறா.

இந்த வருஷம் பேராசிரியர் பதவி ஒன்றே ஒன்று. தேர்வுக் குழுவில் நீங்கள் இருக்கிறீர்கள். அவன் வேலையில் ஆழமில்லை என்று ஒரு வார்த்தை போட்டு வைத்தால் போதும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி என் தலைமேல் இருக்கட்டும்.

தங்கள் மருமகன்,
பாவ்ஷான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் துளைபோடும் வண்டி வந்துவிட்டது. என் இடத்தில் நாற்பது மீட்டர் வரை வெறும் கல். அவன் இடத்தில் பதினெட்டாவது மீட்டரில் கம்பி தொபுக்கென்று இறங்கியது. நான் கண்டது குழியே இல்லை, ஓரத்தில் முட்டித் திரும்பிய என் சொந்த அலை. கொடிக்கம்பத்தைச் சுற்றி வேலி போட்டாயிற்று. "யாருப்பா கண்டுபிடிச்சது?" என்று ஹாவ் கேட்டதற்குத் தெங் யுன், "அண்ணாவும் நானும் சேந்துதான்" என்றான். அறிக்கையில் என் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறான். பதவியை அவனுக்கே கொடுத்துவிடுங்கள் மாமா. அவன் எனக்கு மேலே உட்கார்ந்து அதட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வேன், இப்படி நல்லவனாக இருப்பதைத்தான் இன்னொரு தரம் என்னால் தாங்க முடியாது.