செக்கடித் தெருவும் படுதாக்காரரும்

பாளையங்கோட்டைக்கும் ஆற்றுக்கும் நடுவே அந்தக் காலத்தில் குடியிருந்தவர்களில் படுதாக்காரரோடு சண்டை போடாதவர் ஒருவர் உண்டென்றால், அவர் ஊமையாக இருந்திருக்க வேண்டும். ஊமையோடும் அவர் கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா எழுதுவது அவர் தொழில். காடு, அரண்மனை, பூந்தோட்டம் என்று மேடையின் பின்னால் தொங்குமே, அந்தத் திரைகள். அவ்வளவு பெரிய துணியை விரிக்க வீட்டில் இடம் ஏது? எங்கள் செக்கடித் தெருவின் குறுக்கே கட்டிவிடுவார். வண்டி போகாது. பிணம்கூடச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு நாள் எண்ணெய் வியாபாரி அண்ணாச்சியின் மாடு, காட்டுப் படுதாவில் இருந்த மரத்தை ஆசையாக நக்கிவிட்டது. மறுநாள் அண்ணாச்சி சண்டைக்கு வந்தார்.

“உம்ம மாட்டுக்கு இருக்குத ரசனை உமக்கு இல்லையே வே!” என்றார் படுதாக்காரர்.

“ரசனையா? அதுக்கு ராத்திரியெல்லாம் வயித்தால போகுது வே!”

என் வீட்டுக்காரர் சபையில் உபதேசியார். நான் மிஷன் பெண்பள்ளியில் வாத்தியாரம்மா. எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும்போது பக்கத்து வீட்டிலிருந்து படுதாக்காரரின் குரல் வரும்: “ஏசுசாமிக்குக் காது நல்லாத்தான் கேக்கும் வே! பைய பாடும்!” அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

இப்படி இருக்கும்போதுதான் சர்க்கார் தெருவை இடித்து அகலச் சாலை போடப் போவதாகச் செய்தி வந்தது. தெரு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போட்டோ பிடிப்பவர் ஒருவரையும் அனுப்பினார்கள். போட்டோ என்றதும் எங்களுக்குத் தெரு இடிபடுவதே மறந்துவிட்டது. அண்ணாச்சி மாட்டின் கொம்புக்கு எண்ணெய் பூசினார். நான் கல்யாணப் பட்டை எடுத்துக் கட்டினேன். என் வீட்டுக்காரர் எங்கேயோ ஒரு கறுப்புக் கோட்டு இரவல் வாங்கி வந்தார். அதன் கை முழங்கையோடு நின்றுவிட்டது. தெருவே வாசலில் வந்து விறைத்து நின்றது.

கூட வந்த சேவகன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். “உங்கள யாரு எடுக்கச் சொன்னா? தெருவைத்தான் எடுக்கணும். எல்லாரும் உள்ள போங்க!”

போனோம். சர்க்கார் ஆள் சொன்னால் போகிற ஜனம்தானே நாங்கள். பட்டும் கோட்டுமாக இருட்டறையில் உட்கார்ந்தோம். படுதாக்காரர் மட்டும் ஒரு முக்காலியை நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“எந்திரியும் ஐயா” என்றான் சேவகன்.

“மாட்டேன். ஆளு இல்லாம என்னலே தெரு? அதுக்கு பேரு சுவரு!”

முக்காலியோடு அவரைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டுப் படம் எடுத்தார்கள்.

தெருவை இடிப்பது பற்றிய விசாரணை நாளில் அந்தப் படம் மேஜைமேல் இருந்தது. எங்கள் தெருவா அது? வெறும் சுவர், மூடிய கதவு, நடுவில் ஒரு நாய். ‘ஆள் நடமாட்டமின்றிப் பாழடைந்து கிடக்கிறது’ என்று அதிகாரி வாசித்தார். படுதாக்காரர் எழுந்து கத்தினார்: “எங்கள உள்ள போகச் சொன்னது யாரு வே?” அவரை வெளியே தள்ளினார்கள். நாங்கள் அதிகாரிக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பினோம்.

இடித்தார்கள். ஆளுக்கொரு மூலைக்குப் போனோம். படுதாக்காரர் ஒரு நாடகக் கம்பெனியோடு ஊரைவிட்டே போய்விட்டார். அந்த அகலச் சாலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். யாருடைய யோசனையோ மாறி, சாலை வேறு வழியாகப் போய்விட்டது. நாங்கள் பிள்ளை பெற்ற இடத்தில் எருக்கஞ்செடி முளைத்தது.

சில வருஷம் கழித்து அண்ணாச்சி மூச்சு வாங்க எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார். “வாத்தியாரம்மா, கொட்டகையில நாடகம் நடக்குதுல்லா? அங்கன நம்ம தெரு நிக்குதாம்!”

நாடகம் பார்ப்பது பாவம் என்று பிரசங்கம் செய்கிறவர் என் வீட்டுக்காரர். வெகுநேரம் யோசித்துவிட்டு, “தெருவப் பாக்கலாம். நாடகத்தப் பாக்கக் கூடாது” என்று தீர்ப்புச் சொன்னார். கொட்டகையில் ராஜாவும் ராணியும் பாடும்போதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தெருப் படுதா இறங்கியது.

அதில் எல்லாரும் வாசலில் நின்றோம். அண்ணாச்சியும் மாடும். கல்யாணப் பட்டில் நான். முழங்கையோடு நின்ற கோட்டில் என் வீட்டுக்காரர். அன்று எங்களை விரட்டுவதற்கு முன்னால் நின்றபடியே, ஒருவரையும் விடாமல் எழுதியிருந்தார் மனிதர். “ஏ, என் மாடுலே!” என்று அண்ணாச்சி கூவினார். மேடையில் ராஜா பாட்டை நிறுத்திவிட்டு முறைத்தார். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றிருந்தார், கண்ணை அகலத் திறந்தபடி.

நாடகம் முடிந்ததும் நேரே மேடைக்குப் பின்னால் போனார். “படுதா எழுதினவரப் பாக்கணும்.”

“அவரா? போன மாசி மாசம் கோவில்பட்டியில வாந்திபேதியில போயிட்டாரு” என்றார் கம்பெனிக்காரர். “இந்தப் படுதாவால ஒரே தொல்லை. சனங்க நடிகர விட்டுட்டு இதுலயே கண்ணா இருக்காங்க. ஆளையெல்லாம் அழிச்சிடும்னு சொன்னதுக்கு என்னைய அடிக்க வந்தாரு. இப்ப வேற ஆளு வச்சு அழிக்கப் போறோம்.”

என் வீட்டுக்காரர் அந்தத் துணியைக் கேட்டார். கெஞ்சியும் கேட்டார். புதுத் துணி என்ன விலை தெரியுமா என்றார்கள்.

அடுத்த வாரம் அண்ணாச்சி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். படுதாவில் இப்போது சுவர்தான் இருக்கிறதாம். அந்தப் போட்டோவும் இன்னும் ஏதாவதொரு அலுவலகத்தில் பத்திரமாக இருக்கும். சர்க்கார் இதையெல்லாம் தொலைப்பதில்லை.

இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் எங்கள் சபையில் இல்லை. அன்று வீட்டில் ஜெபம் முடிக்கப்போன என் வீட்டுக்காரர் முடிக்காமல் நின்றார். “ஆண்டவரே, அந்த...” என்று ஆரம்பித்தார். பேர் தெரியவில்லை. இத்தனை வருஷம் சண்டை போட்டவர்கள் யாருக்கும் அவர் பேர் தெரியாது. பிறகு பைய, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“எங்க தெருக்காரர்.”